ஆள் தெரிந்தால்தான் வேலையா? தொழில் தொடர்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை தேடி அலைந்தும் இருக்கிறேன், வேலைக்கு ஆள் எடுத்தும் இருக்கிறேன். படிப்பை முடிக்கப்போகிறவர்களும் முதல் வேலையில் ஓரிரண்டு வருடம் ஓட்டியவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. சில கேள்விகளுக்கு ஒரு வரியே போதும். சிலவற்றை அப்படி முடிக்க மனம் வரவில்லை.

நெட்வொர்க்கிங், அதாவது தொழில் தொடர்புகளைத் தேடிக்கொள்வது, காக்கா பிடிப்பதுதானே?

அந்தச் சந்தேகம் வருவதில் தப்பில்லை. பதவியில் இருப்பவர் பின்னால் ஒரு கூட்டம் திரிவதையும், அவர் ஓய்வு பெற்ற மறுநாளே அதே கூட்டம் அடுத்தவரின் அறை வாசலில் நிற்பதையும் எல்லோரும் பார்த்திருக்கிறோம். காக்கா பிடிப்பவருக்கு வேண்டியது அந்த மனிதரின் தயவு. நான் இங்கே பேசுவது தகவலைப் பற்றி. எந்தக் குழு ஆள் தேடுகிறது, அந்த வேலையில் நாள் முழுக்க என்ன செய்கிறார்கள், எது தெரியாமல் நேர்காணலுக்குப் போனால் முதல் சுற்றிலேயே திருப்பி அனுப்புவார்கள் என்பதெல்லாம் விளம்பரத்தில் வராது. அங்கே வேலை பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும். தகவலைச் சொல்வதால் சொல்பவருக்கு ஒன்றும் குறைந்துவிடாது, கேட்பவரும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

எனக்கு யாரையுமே தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?

இப்படிச் சொல்கிறவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்துப் பெயர்களை எழுதச் சொல்வேன். கூடப் படித்தவர்கள், அவர்களுடைய அண்ணன் அக்காமார், ஒன்றிரண்டு வருடம் முன்னால் படித்து முடித்த சீனியர்கள், ப்ராஜெக்ட்டுக்கு வழிகாட்டிய ஆசிரியர், இன்டர்ன்ஷிப்பில் பக்கத்து இருக்கையில் இருந்தவர், விடுதி அறை நண்பரின் நண்பர், பகுதிநேர வேலையில் கூட நின்றவர். முதல் பத்துப் பெயர் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். அடுத்த இருபதுக்கு அரைமணி நேரம் யோசிக்க வேண்டியிருக்கும். யோசித்து எழுதிய அந்த இருபது பேர்தான் எனக்கு முக்கியம்.

ஏன்? நெருங்கிய நண்பர்கள் இருக்கும்போது அரைகுறைப் பழக்கம் உள்ளவர்கள் எதற்கு?

மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் இதே கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டார். பாஸ்டனின் புறநகர் ஒன்றில், அண்மையில் வேலை மாறியவர்களிடம் போய் விசாரித்தார். 1973இல் வெளியான அவருடைய கட்டுரையில் இந்தக் கணக்கு இருக்கிறது: தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்தவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது சந்தித்தவர்கள் 55.6 சதவீதம். வருடத்துக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோ பார்த்தவர்கள் 27.8 சதவீதம்.

காரணம் எளியது. நெருங்கிய நண்பர் புழங்கும் இடத்தில்தான் நீங்களும் புழங்குகிறீர்கள். உங்கள் காதுக்கு வந்த செய்திதான் அவர் காதுக்கும் வந்திருக்கும். உதவ அவருக்கு ஆசை நிறைய, கையில் புதுச் செய்திதான் இல்லை. எப்போதாவது பார்க்கிறவர் வேறு அலுவலகம், வேறு கூட்டம், வேறு வாட்ஸ்அப் குழு என்று இருப்பதால் உங்களை எட்டாத செய்தி அவரை எட்டுகிறது.

ஆனால் இதை வைத்துக்கொண்டு முகமறியாத ஆயிரம் பேரைச் சேர்க்கக் கிளம்பிவிடாதீர்கள். 2022இல் சயன்ஸ் ஆய்விதழில் இன்னொரு ஆய்வு வந்தது. லிங்க்டின் என்ற தொழில் தொடர்புத் தளத்தில் 2 கோடிப் பயனர்களை 5 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு அது. வேலை மாற அதிகம் உதவியவை மிதமான பழக்கங்கள், அதாவது இருவருக்கும் பொதுவாகச் சிலரையாவது தெரிந்திருக்கும் உறவுகள். சுத்தமாகப் பழக்கமே இல்லாத தொடர்புகளால் அந்த அளவு பயனில்லை. கணினி சார்ந்த துறைகளில் மெலிந்த பழக்கங்கள் கூடுதலாக உதவின. அவ்வளவாகக் கணினி நுழையாத துறைகளில் நெருங்கிய உறவுகளே கைகொடுத்தன. ஆகவே நீங்கள் எந்தத் துறை என்பதைப் பார்த்துக்கொண்டு தாளில் உள்ள பெயர்களை வரிசைப்படுத்துங்கள்.

உதவி கேட்டால் தொல்லையாக நினைக்க மாட்டார்களா?

நாம் பயப்படும் அளவுக்கு இல்லை. 2008இல் ஃபிராங்க் ஃபிளின், வனெசா லேக் இருவரும் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்களை முன்பின் தெரியாதவர்களிடம் போய் ஒரு கேள்வித்தாளை நிரப்பித் தரும்படி கேட்கச் சொன்னார்கள். ஐந்து பேர் சம்மதிக்க ஏறக்குறைய 20 பேரிடம் கேட்க வேண்டியிருக்கும் என்று போனவர்கள் நினைத்தார்கள். சுமார் 10 பேரிடம் கேட்டதிலேயே வேலை முடிந்தது.

அமெரிக்காவை நிறுவியவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் வாழ்க்கை வரலாற்றில் ஒரு சம்பவம் சொல்கிறார். பென்சில்வேனியா சட்டமன்றத்தில் அவரை எதிர்த்துப் பேசிய ஒரு உறுப்பினர் இருந்தார். ஃபிராங்க்ளின் அவருக்கு உபசாரம் எதுவும் செய்யவில்லை. அவரிடம் இருந்த அரிய புத்தகம் ஒன்றை இரவல் கேட்டுக் கடிதம் எழுதினார். புத்தகம் உடனே வந்தது. ஒரு வாரத்தில் நன்றிக் குறிப்போடு திருப்பிக் கொடுத்தார். அதுவரை முகம் கொடுக்காதவர், அடுத்த கூட்டத்தில் தானே வந்து பேசினார், கடைசிவரை நண்பராகவே இருந்தார். கேட்டது சின்னது, அவரால் சுலபமாகத் தர முடிந்தது, சொன்ன மாதிரி திரும்பியும் வந்தது. நீங்கள் கேட்கும் உதவியும் அப்படியே இருக்கட்டும்.

முதல் செய்தியில் என்ன எழுதுவது?

எனக்கு வரும் செய்திகளில் பாதி இப்படித்தான் இருக்கும்: “ஹாய் சார், உங்கள் கம்பெனியில் வேகன்ஸி இருந்தால் சொல்லவும். ரெஸ்யூம் இணைத்துள்ளேன்.” இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் உங்களுக்கு என்ன தெரியும், என்ன வேலை வேண்டும், எங்கள் நிறுவனத்தில் அது எங்கே இருக்கிறது என்று நான்தான் உட்கார்ந்து தேட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒதுக்குவேன், அதோடு மறந்துபோகும்.

இதைப் பாருங்கள்: “வணக்கம். கிடங்கு நிர்வாகத்திலிருந்து தரவுப் பகுப்பாய்வுக்கு மாறியது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் இரண்டு வருடமாகக் கிடங்கில் ஸ்டாக் கணக்கு பார்க்கிறேன். இப்போது எஸ்க்யூஎல் படிக்கிறேன். உங்கள் கிடங்கு அனுபவத்தை நேர்காணலில் எப்படி எடுத்துச் சொன்னீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. இரண்டு வரி எழுதினாலும் போதும். பேசுவது எளிதென்றால் உங்களுக்கு வசதியான நேரத்தில் பதினைந்து நிமிடம் தாருங்கள்.”

யார், ஏன் என்னிடம், என்ன கேள்வி, எவ்வளவு நேரம் என்று எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. நான் யோசிக்க வேண்டியது பதிலை மட்டும்தான். லிங்க்டினில் கனெக்ஷன் ரிக்வெஸ்ட்டோடு அனுப்பும் குறிப்புக்கு எழுத்து வரம்பு உண்டு என்பதால், அங்கே யார், ஏன் என்பதை மட்டும் சொல்லிவிட்டுக் கேள்வியை அடுத்த செய்திக்கு வைத்துக்கொள்ளலாம். நகலெடுத்து நாற்பது பேருக்கு அனுப்பிய செய்தி முதல் வரியிலேயே தெரிந்துவிடும். ஒருமுறை எனக்கு வந்ததில் வேறொருவர் பெயர் இருந்தது.

சார், மேடம் என்பதா, பெயர் சொல்லி அழைப்பதா?

முதல் செய்தியில் மரியாதை கூடினால் யாரும் கோபிக்க மாட்டார்கள். “பெயர் சொல்லியே கூப்பிடுங்கள்” என்று அவர் சொன்ன பிறகும் சார் போடாதீர்கள்.

பதிலே வரவில்லை என்றால்?

ஒரு வாரம், பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் வராவிட்டால் விட்டுவிடுங்கள். அவருக்கு வேலை தலைக்கு மேல் இருக்கலாம், செய்தியே கண்ணில் படாமல் போயிருக்கலாம். “பார்த்துவிட்டும் பதில் சொல்லவில்லையே” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

பேசச் சம்மதித்துவிட்டார். என்ன கேட்பது?

இணையத்தில் தேடினால் கிடைக்கும் எதையும் கேட்காதீர்கள். “உங்கள் கம்பெனி என்ன செய்கிறது?” என்று கேட்டவரிடம் எனக்குப் பொறுமை போய்விட்டதை ஒப்புக்கொள்கிறேன். அவர் மட்டுமே சொல்லக்கூடியவற்றைக் கேளுங்கள். போன வாரம் உங்கள் நேரம் எதில் அதிகம் போனது? புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் ஆறு மாதத்தில் எங்கே தடுமாறுகிறார்கள்? என் ரெஸ்யூமைப் பார்த்தால் எது உங்களை யோசிக்க வைக்கிறது? திரும்ப இருபத்திரண்டு வயதிலிருந்து தொடங்கினால் எதைப் படிக்காமல் விடுவீர்கள்? கடைசிக் கேள்விக்கு வரும் பதில்கள் பெரும்பாலும் நன்றாக இருக்கும், ஏனென்றால் யாரும் அவர்களிடம் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

பதினைந்து நிமிடம் என்று கேட்டிருந்தால் பதினான்காவது நிமிடத்தில் நீங்களே, “நேரம் ஆகிவிட்டது, முடித்துக்கொள்ளட்டுமா?” என்று கேளுங்கள். அவர் தொடர்ந்து பேசினால் அது அவர் விருப்பம். முடிக்கும்போது, “இதைப் பற்றி வேறு யாரிடம் பேசினால் நல்லது?” என்று ஒரு கேள்வி. உங்கள் தாளில் புதுப் பெயர்கள் ஏறுவது இந்தக் கேள்வியால்தான்.

அந்தப் பேச்சில் வேலை கேட்கலாமா என்று உடனே அடுத்த கேள்வி வரும். கேட்காதீர்கள். ஆலோசனை என்று அழைத்துவிட்டு வேலை கேட்டால், முன்பு பேசிய பத்து நிமிடமும் முன்னுரைதான் என்று அவருக்குத் தோன்றிவிடும்.

பேசி முடித்ததும் நன்றி சொல்லிவிட்டேன். அது போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

நன்றி எல்லோரும் சொல்கிறார்கள். என்ன ஆயிற்று என்று திரும்பி வந்து சொல்கிறவர்கள் மிகக் குறைவு. என்னிடம் யோசனை கேட்ட ஒரு பையனுக்கு இரண்டு வழிகளில் ஒன்றைக் காட்டினேன். மூன்று மாதம் கழித்து அவனிடமிருந்து நாலு வரி வந்தது: “நீங்கள் சொன்னபடி சோதனைப் பிரிவில் விண்ணப்பித்தேன். இரண்டாவது சுற்றில் நின்றுவிட்டேன், ஆட்டோமேஷன் கேள்விகளுக்குப் பதில் தெரியவில்லை. இப்போது அதைப் படிக்கிறேன். உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதினேன்.” எதையும் கேட்கவில்லை. அவன் தேறவில்லை என்பதுதான் செய்தி, ஆனாலும் அந்த நாலு வரியால் அவன் சொன்னதைச் செய்கிறவன், தோற்றதை மறைக்காதவன், எங்கே தோற்றோம் என்று தெரிந்தவன் என்று எனக்கு மூன்று விஷயம் தெரிந்தது. நேர்காணலில் ஒரு மணி நேரம் பேசினாலும் இவ்வளவு தெரியாது. அடுத்து ஒரு இடம் காலியானபோது அவன் பெயரை நான் தேட வேண்டியிருக்கவில்லை.

யோசனை சொன்னவருக்கு அது பலித்ததா என்று அறியும் ஆசை இருக்கும். அதை அவரே கேட்க மாட்டார். நீங்கள் சொன்னால்தான் உண்டு. அவர் சொன்னதைச் செய்யவில்லை என்றாலும் சொல்லுங்கள்: “யோசித்துப் பார்த்தேன், இந்தக் காரணத்தால் வேறு வழியில் போகிறேன்.” யாரும் வருத்தப்படுவதில்லை.

ரெஃபரல் எப்போது கேட்கலாம்? அது சிபாரிசுதானே?

சிபாரிசு என்றால் தகுதியைப் பார்க்காமல் உள்ளே விடச் சொல்வது என்று பொருள் வந்துவிட்டது. பெரும்பாலான நிறுவனங்களில் ரெஃபரல் அவ்வளவு தூரம் போவதில்லை. அங்கே வேலை செய்பவர் உங்கள் ரெஸ்யூமை உள் தளத்தில் ஏற்றுவார். ஆள் எடுப்பதைக் கவனிக்கும் ஹெச்ஆர் பிரிவு அதைக் கட்டாயம் ஒருமுறை பார்ப்பதற்கான வாய்ப்பு கூடும். தேர்வும் நேர்காணலும் மற்றவர்களுக்குப் போலத்தான். நீங்கள் சேர்ந்தால் பரிந்துரைத்தவருக்குத் தொகை தரும் நிறுவனங்களும் உண்டு, ஆகவே அவர் தர்மம் செய்வதாக நினைத்துக் கூச வேண்டாம். ஆனால் அவர் பெயர் அதில் ஒட்டியிருக்கிறது.

உங்கள் வேலையைப் பார்த்தவரிடம் தயங்காமல் கேட்கலாம். ஒருமுறை மட்டும் பேசியவரிடம் கேட்பதானால், மறுக்க இடம் வைத்துக் கேளுங்கள்: “என் வேலையை நீங்கள் நேரில் பார்த்ததில்லை, சங்கடமாக இருந்தால் விட்டுவிடலாம்.” வேலையின் அடையாள எண், உங்கள் ரெஸ்யூம், அந்த வேலைக்கு நீங்கள் ஏன் பொருந்துவீர்கள் என்று மூன்று வரி, இவற்றை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் அவருக்கு வேலை இரண்டு நிமிடம்தான்.

இதில் நான் சறுக்கியிருக்கிறேன். முதல் வேலையில் இருந்தபோது சீனியர் ஒருவர் என்னை ஒரு நிறுவனத்துக்குப் பரிந்துரைத்தார். அதற்குள் வேறு இடம் கிடைத்ததால் நேர்காணலுக்குப் போகவில்லை. அவரிடம் சொல்லவும் இல்லை. ஹெச்ஆர் அவரைக் கேட்டபோதுதான் அவருக்கே தெரிந்தது. அவர் ஒன்றும் திட்டவில்லை. அதற்குப் பிறகு என் செய்திகளுக்குப் பதில் வருவது நின்றுபோயிற்று, அவ்வளவுதான்.

பெரிய பதவியில் இருப்பவர்களைத்தானே அணுக வேண்டும்?

உங்களைவிட இரண்டு மூன்று வருடம் முன்னால் போனவர்களை அணுகுங்கள். நீங்கள் இப்போது நிற்கும் இடத்தை அவர்கள் இன்னும் மறக்கவில்லை. இருபத்தைந்து வருட அனுபவம் உள்ளவர் வேலைக்குச் சேர்ந்த முறையே இன்று வழக்கில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறவர்களையும் லேசாக நினைக்காதீர்கள். பத்து வருடம் கழித்து ஆள் எடுக்கப்போகிறவர்கள் அவர்கள்தான்.

எனக்குக் கூச்ச சுபாவம். கூட்டத்தில் போய்ப் பேச வராது.

கூட்டத்தில் பேசுவது இதில் ஒரு சின்னப் பகுதி. எழுத வருமானால் அதுவே போதும். மேலே சொன்ன செய்தி, திரும்பிச் சொல்லும் நாலு வரி, இரண்டுமே தனியாக உட்கார்ந்து எழுதுபவை. கலகலப்பானவர்கள் இவற்றை எழுத மறந்துவிடுவதையும் பார்த்திருக்கிறேன்.

கருத்தரங்குக்குப் போக நேர்ந்தால் ஏதாவது ஒரு வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். பதிவு மேசையில் உட்கார்ந்து பெயர் அட்டை கொடுக்கும் தன்னார்வலரிடம் எல்லோரும் தாமாக வந்து பேசுவார்கள். கூட்டத்தின் நடுவே எங்கே நிற்பது என்ற அவதியும் இல்லை. உரை நிகழ்த்தியவரைச் சுற்றி இருபது பேர் மொய்க்கும்போது முண்டியடிக்காமல், அன்று இரவே அவர் சொன்ன ஒரு குறிப்பிட்ட கருத்தை எடுத்து ஒரு கேள்வி எழுதுங்கள். பேசிப் பழக வேண்டும் என்றே தோன்றினால் 1924இல் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் போன்ற பேச்சுப் பயிற்சிக் குழுக்கள் பல நாடுகளில் நடக்கின்றன. உங்களைப் போல் நா வறண்டவர்கள் அங்கே நிறையப் பேர்.

ஆங்கிலம் சரளமாக வராது. அது தடையா?

பிழையில்லாத நாலு எளிய வரிகள், அலங்காரமான பத்து வரிகளைவிட மேல். எதிரில் இருப்பவருக்கும் தமிழ் தெரியும் என்றால் தமிழிலேயே எழுதுங்கள். வேலைக்குத் தேவையான ஆங்கிலத்தை அந்தப் பக்கம் வளர்த்துக்கொள்ளுங்கள். தேர்ச்சி வந்த பிறகு தொடர்பு கொள்ளலாம் என்று காத்திருந்து மூன்று வருடம் கழித்தவர்களைத் தெரியும்.

பதிலுக்குக் கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது?

அவர்களுக்கு நேரம் கிடையாது, உங்களிடம் கொஞ்சம் இருக்கிறது. அவர் துறையில் வந்த புதுக் கருவியை நீங்கள் பயன்படுத்திப் பார்த்திருக்கலாம். எது நன்றாக இருந்தது, எது சொதப்பியது என்று எழுதுங்கள். அவர் குழுவுக்கு ஆள் தேடினால் உங்கள் வகுப்பில் கெட்டிக்காரர் யார் என்று உங்களுக்குத்தான் தெரியும். ஒன்றும் தோன்றாவிட்டால், உங்களுக்குப் பின்னால் வருகிற ஜூனியருக்கு அதே பதினைந்து நிமிடத்தைக் கொடுங்கள். கடன் அங்கே அடையும்.

லிங்க்டின் ப்ரொஃபைலில் என்ன இருக்க வேண்டும்?

முகம் தெரியும் படம். பெயருக்குக் கீழே வரும் வரியில் என்ன செய்கிறீர்கள், எதை நோக்கிப் போகிறீர்கள் என்று சாதாரண வார்த்தைகளில். செய்த வேலைக்கு ஒன்றிரண்டு சான்றுகள். தொடர்புகள் 500ஐத் தாண்டினால் எண்ணிக்கையைக் காட்டாமல் 500+ என்று மட்டுமே போடுவார்கள், ஆகவே அதைத் துரத்துவதில் அர்த்தமில்லை. நிரல் எழுதுகிறவர்களுக்குத் தங்கள் நிரல்களைப் போட்டு வைக்கும் கிட்ஹப் கணக்கும், வடிவமைப்பாளர்களுக்குத் தங்கள் படைப்புகளைக் காட்டும் பிஹான்ஸ் பக்கமும் இதைவிட அதிகம் பேசும்.

வருடக்கணக்கில் பேசாத ஒருவருக்கு இப்போது எழுதினால், காரியத்துக்காக வந்தான் என்று நினைக்க மாட்டாரா?

கொஞ்சம் நினைக்கலாம். அதனால் அதை நீங்களே முதல் வரியில் சொல்லிவிடுங்கள்: “நாலு வருடமாகத் தொடர்பே இல்லை, இப்போது ஒரு கேள்வியோடு வருகிறேன், மன்னிக்கவும்.” டேனியல் லெவின், ஜார்ஜ் வால்டர், கீத் மர்னிகன் மூவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களை இப்படி விட்டுப்போன பழைய தொடர்புகளைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். அங்கிருந்து வந்த ஆலோசனை மதிப்புள்ளதாகவும் புதியதாகவும் இருந்தது. நடுவில் அவர் வேறு இடங்களில் வேறு அனுபவங்களைச் சேர்த்திருக்கிறார், பழைய நம்பிக்கையும் முற்றிலும் போய்விடவில்லை.

வேலை போய்விட்டது. வெளியே சொல்லலாமா?

சொல்லுங்கள். தெரியாமல் இருந்தால் யாரும் எதையும் உங்கள் பக்கம் தள்ளிவிட மாட்டார்கள். என்ன மாதிரி வேலை தேடுகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். “எதுவானாலும் பரவாயில்லை” என்று சொன்னால் கேட்பவருக்கு எதுவும் நினைவுக்கு வராது. பழைய நிறுவனத்தைத் திட்டுவதை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மடிக்கணினிக்கு முன்பணம் என்று எந்தப் பெயரிலும் பணம் கேட்டால் அது மோசடி. ஆள் எடுக்கும் நிறுவனம்தான் உங்களுக்குப் பணம் தர வேண்டும். நேர்காணலே இல்லாமல் வேலை ஆணை வந்தாலும், நிறுவனத்தின் பெயரில் இல்லாத மின்னஞ்சல் முகவரியிலிருந்து வந்தாலும், நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து எண்ணை எடுத்து நீங்களே விசாரியுங்கள். வழிகாட்டுகிறேன் என்று வருபவர் நள்ளிரவில் அழைப்பது, தனிப்பட்ட படங்களைக் கேட்பது, தனியாக அறைக்கு வரச் சொல்வது என்று போனால் அந்தத் தொடர்பு எவ்வளவு பெரியதானாலும் வேண்டாம். சான்றுகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு, நம்பிக்கையான ஒருவரிடம் அன்றே சொல்லிவிடுங்கள். குறிப்பாகப் பெண்கள், “நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேனோ” என்று குழம்பி நாள் கடத்த வேண்டாம்.

இதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது?

வேலையில் இருக்கும்போது வாரம் அரைமணி. தேடும்போது கூட்டிக்கொள்ளுங்கள். வேலை கிடைத்த மறுநாளே நிறுத்திவிடுகிறவர்கள்தான் அடுத்த தடவை மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள்.

இத்தனை பேரை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது?

நினைவை நம்பாதீர்கள், ஒரு எக்ஸெல் தாள் போதும். பெயர், எப்படிப் பழக்கம், கடைசியாக என்ன பேசினோம், அவரிடம் நான் திரும்பிச் சொல்ல வேண்டியது என்ன என்று நாலு பத்தி. வாரம் ஒருமுறை திறந்து, நாலாவது பத்தியில் ஏதாவது எழுதியிருக்கும் பெயர்களுக்கு முதலில் எழுதுங்கள்.